ஜாமீனுக்கும் ஊர் பார்ப்பதா?

"குற்றம் பெருகிவிட்டது, பிடித்து உள்ளே தள்ளு!" என்று கூச்சல் எழும்போதெல்லாம் முதலில் சந்தேகத்துக்கு ஆளாகிறவன் பிழைக்க வந்த கூலிக்காரன்தான். கூச்சலிடுவோரை நாம் கேட்கிறோம்: உள்ளே இருப்பவர்கள் யார் என்று எண்ணிப் பார்த்தீர்களா?

அரசே எண்ணியிருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூவருக்கு இன்னும் தீர்ப்பே ஆகவில்லை!

ஏழைக்கு ஜாமீன் கிடைத்தும் பயனில்லை, ஜாமீன்தாரர் வேண்டுமே! மத்தியப் பிரதேசத்தில் ஒரு கொத்தனாரிடம் 10,000 ரூபாய் ஜாமீன் கேட்டார் மாஜிஸ்திரேட். சகோதரர் முன்வந்தார், வேறு மாவட்டத்துக்காரர் என்று தள்ளிவிட்டார். 1978இல் உச்சநீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணய்யர் அதைக் கண்டித்து, 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் அவரை விடச் சொன்னார். வேறு மாவட்டத்துக்கே இந்தக் கதி என்றால், வேறு மாநிலத்திலிருந்து வந்த நமக்கு?

உண்மையைத் திரட்டி ஊரறியச் சொன்னால் நீதிமன்றமும் அசையும். 1979இல் போலீஸ் அதிகாரி ருஸ்தம்ஜி பீகார் சிறைகளில் கண்டதை நாளேட்டில் எழுதினார். அதைக் கொண்டு வழக்கறிஞர் கபிலா ஹிங்கோரானி வழக்குத் தொடுத்தார். விரைவான விசாரணை அடிப்படை உரிமை என்று தீர்ப்பு வந்தது. ஆயிரக்கணக்கானோர் வெளியே வந்தனர்.

தோழர்களே, தாய்மார்களே! மேடையில் முழங்குவோரிடம் கணக்குக் கேளுங்கள். நாமும் எண்ணுவோம்: நம் குடியிருப்பில் உள்ளே போனவர் எத்தனை பேர், எத்தனை நாள், யாருடைய ஜாமீன் எதனால் மறுக்கப்பட்டது? அந்தக் கணக்கே நம் ஆயுதம்!