மணலுக்குள் ஒரு நாயனம்

திருச்சிக்காரர்களுக்கும் ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கும் காது நல்ல காது என்று சொல்லிக்கொள்வோம். அரையர் சேவையின் தாளம் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆற்றோடு கீழே போனால் திருவையாறு. அந்தக் காது, அதே ஆற்றங்கரையில் இருக்கும் முக்கொம்பில் என்ன செய்தது?

ஆடிப்பெருக்குக்குப் போனோம், காணும் பொங்கலுக்குப் போனோம், புளியோதரைத் தூக்கோடு ஸ்பீக்கரையும் தூக்கிக்கொண்டு. பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836-இல் அங்கே கட்டத் தொடங்கிய மேலணையைப் பிள்ளைகளுக்குக் காட்டினோம். 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்து மதகுகள் இடிந்தபோது ஊரே திரண்டு போய்ப் பார்த்தோம். கரை மண்ணுக்குள் பாடுகிறவனை மட்டும் கேட்கவில்லை.

பிள்ளைப்பூச்சியைத்தான் சொல்கிறேன். சின்ன வயதில் வளையில் தண்ணீர் ஊற்றி, வெளியே வந்ததும் பிடித்துத் தீப்பெட்டியில் அடைப்போம். மண்வெட்டி போன்ற முன்கால்களால் உள்ளங்கையைக் குடையும். சாதுவானவனைப் 'பிள்ளைப்பூச்சி' என்று ஏளனம் செய்யவும் கற்றுக்கொண்டோம். அந்த வளைதான் அதன் வாத்தியம் என்று யாரும் நமக்குச் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. ஆண் பூச்சி வளையின் வாயை நாகஸ்வரத்து அணசு போல விரித்துத் தோண்டும். உள்ளே ஒரு குமிழ் அறை. இரண்டுக்கும் நடுவில், இடுங்கிய கழுத்தில், தலையை உள்ளே வைத்துச் சிறகை உரசும். 1970-இல் பென்னட்-கிளார்க் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் ஐரோப்பியப் பிள்ளைப்பூச்சிகளின் வளைகளை அளந்து, மண் எப்படி ஒலியைப் பெருக்குகிறது என்று எழுதினார். ஒருவகைப் பூச்சி கொஞ்சம் பாடிப் பார்த்து, மண்ணைத் திருத்தி, மறுபடி பாடுமாம். சுருதி சேர்ப்பது வேறென்ன?

இன்னொருவன் செடியில் இருக்கிறான். தென்னிந்தியப் புதர்களில் வாழும் வெளிர்நிறச் சிள்வண்டு ஒன்று, இலை நடுவே ஓட்டை கடித்து, அதில் தலையை நுழைத்து, சிறகை இலையோடு ஒட்ட வைத்துப் பாடுகிறது. சிறகின் முன்னும் பின்னும் எழும் ஒலி ஒன்றையொன்று அழித்துவிடாமல் இலை தடுக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ரோகிணி பாலகிருஷ்ணன் குழு 2020-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்த வழியை அதிகம் கையாள்வது சிறிய, குரல் தணிந்த ஆண்கள்தாம். தொண்டை இல்லாதவன் இலையைத் தொண்டையாக்கிக்கொண்டான். அவன் நம் கரைப் புதர்களில் இருக்கிறானா என்று நாம் ஒரு மாலைகூடக் குனிந்து தேடியதில்லை.

பகலில் வயிற்றுப் பறையை அதிரவைத்துப் பாடும் பூச்சிக்கும், இரவில் சிறகை உரசிப் பாடும் பூச்சிக்கும் சேர்த்துச் 'சிள்வண்டு' என்று ஒரே பெயர் வைத்திருக்கிறோம். தவிலையும் வயலினையும் பிரித்தறியாத ரசிகனை நம் சபாக்களில் உட்காரவிடுவோமா?

கேட்காதது ஒரு குற்றம். கேட்கவிடாதது அதைவிடப் பெரியது. கரைச் சருகைக் கொளுத்தினோம். ஈர மண்ணை மிதித்து இறுக்கினோம். அந்திக்குப் பிறகும் பாட்டை அலறவிட்டோம். ஆண் பாடுவது பெண்ணை அழைக்க. அந்த அழைப்பை நம் இரைச்சலால் மூடினோம்.

போன வாரம் இருட்டும்வரை கரையில் இருந்தோம். ஸ்பீக்கரில் சார்ஜ் தீர்ந்துபோனது. சற்று நேரத்தில் ஈர மண்ணிலிருந்து அறுபடாத ஒரு ரீங்காரம் எழுந்தது. எங்கிருந்து என்று பார்க்க எழுந்து ஓரடி வைத்தோம். நின்றுவிட்டது.