வெண்திரையை வீட்டுக்கு அழைக்குமுன்



மாடர்ன் தியேட்டர்ஸ் படக் கம்பெனியால் பெயர் பெற்ற சேலத்தில், இன்று வெண்திரை வீட்டுக் கூடத்துக்கே வந்துவிட்டது. பெருநாள் செலவோடு ஒரு புரொஜெக்டரும் வாங்கிவிடலாமென்று நாமக்கல்லிலிருந்தோ இராசிபுரத்திலிருந்தோ பேருந்து ஏறுமுன், சில செய்திகளை அறிந்துகொள்ளுங்கள்.

பெட்டியின் மேல் '12,000 லூமன்ஸ்' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். மயங்கிவிடாதீர்கள்! ஒளியை அளக்க 'ஆன்சி' என்றொரு முறை உண்டு. படம் விழும் பரப்பை ஒன்பது கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் ஒளியையும் அளந்து, சராசரி காண்பது அது. அவ்வாறு அளந்தால் மலிவான கருவிகள் பல சில நூறைத் தாண்டுவதில்லை. "ஆன்சி எவ்வளவு?" என்று கேளுங்கள். கடைக்காரர் விழித்தால் அதுவே விடை. '4கே சப்போர்ட்' என்பதும் இவ்வகையே. 4கே படத்தை அக்கருவி ஏற்கும் என்பதுதான் அதன் பொருள். சுவரில் விழுவது 1280க்கு 720 புள்ளிகளாகவும் இருக்கலாம். 'நேட்டிவ்' அளவைக் கேட்டறியுங்கள்.

புறப்படுமுன் கூடத்தை அளந்துகொள்வது நலம். 100 அங்குலப் படத்தின் அகலம் ஏறத்தாழ ஏழேகால் அடி. கருவியின் 'த்ரோ ரேஷியோ' 1.5 எனில், அதைச் சுவரிலிருந்து சுமார் 11 அடி தள்ளி வைக்க வேண்டும். பத்தடிக் கூடத்துக்கு அது எப்படி ஆகும்? மேலும், 50 அங்குலப் படத்தை 100 அங்குலமாக்கினால் பரப்பு நான்கு மடங்காகும். ஒளியோ காற்பங்காகக் குறையும். கடையின் இருட்டறையில் எந்தப் படமும் அழகுதான். விளக்கைப் போடச் சொல்லிப் பாருங்கள். நம் பக்கத்து வெயில் சன்னல் வழியே பாயும் பகற்பொழுதில் அதுவும் மங்கும்.

அடுத்தது, நம் குடும்பங்கள் மிகவும் விழிப்பாக இருக்க வேண்டிய இடம். 'வட்டியில்லாத் தவணை' என்ற பலகையைக் கண்டதும், வட்டியை அஞ்சி விலகும் நம்மவர்கள் நிம்மதியோடு கையெழுத்திடுகிறார்கள். பூச்சிய வட்டி என்று ஒன்று கிடையாது, அது செயலாக்கக் கட்டணம் போன்றவற்றில் மறைந்திருக்கிறது என்று 2013ஆம் ஆண்டிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு எழுதியது. முழுத் தொகையையும் ரொக்கமாகத் தந்தால் என்ன விலை என்று முதலில் கேளுங்கள். தவணையில் கட்டும் மொத்தத் தொகை அதைவிடக் கூடுதலாயின், அந்த வேறுபாட்டுக்கு வேறென்ன பெயர் சூட்டுவது? கையில் பணம் சேரும்வரை பொறுத்தால் குடி முழுகிவிடாது.

விலைச்சீட்டில் மாடல் எண்ணோடு ஆன்சி அளவையும் எழுதி வாங்குங்கள். பொருள் சொன்னபடி இல்லையெனில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். சேலத்தில் வாங்கியிருந்தாலும், நாமக்கல்லில் வசிப்பவர் நாமக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிட 2019ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. கொடுத்த தொகை 5 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாதவரை அங்கே கட்டணமும் இல்லை.