தராசு முள் எல்லார் கண்ணுக்கும் தெரியட்டும்

மரக்காணத்து உப்பளங்களில் வெயில் ஏற ஏற உப்பு விளையும். தேர்தலும் பெரும்பாலும் அப்பருவத்திலேயே வருகிறது. அங்கே பாத்தியில் கால் வெடிக்க உழைப்பவர், மூட்டை தராசில் ஏறும்போது முள் எங்கே நிற்கிறது என்பதைத் தம் கண்ணாலேயே பார்க்க விரும்புவார். வணிகர் நல்லவரா என்பது வேறு வினா. அவர் அளிக்கும் வாக்குக்கும் அந்த நெறியே வேண்டும் என்பது நம் வழக்கு.

மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் ஏமாற்றுகிறது என்று நாம் கூறவில்லை. செல்லாத வாக்குகளை அது ஒழித்தது. நிமிடத்திற்கு நான்கு வாக்குக்கு மேல் ஏற்காமல், சாவடியைக் கைப்பற்றுவோரின் கையையும் கட்டியது. ஆயினும் ஐயுறுவது குற்றமன்று. 1982-இல் கேரளத்துப் பரவூரில் 50 சாவடிகளில் இவ்வியந்திரம் முதன்முதல் பயன்பட்டபோது, சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று 1984-இல் மறுவாக்குப்பதிவுக்கு ஆணையிட்டது உச்ச நீதிமன்றமே. சட்டம் பின்னரே திருத்தப்பட்டது.

பத்தாம் நூற்றாண்டின் உத்திரமேரூர்க் கல்வெட்டை நினைவுகூர்வோம். குடவோலைக் குடத்தை எல்லாரும் காணத் தூக்கிக் காட்ட வேண்டும். எடுத்த ஓலையை ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும். உரிமை சிலருக்கே இருந்த அவையிலும், அவையோரின் கண்ணே சான்றாயிருந்தது. 2009-இல் ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றமும் இதையே நிலைநாட்டியது: தனித் தொழில்நுட்ப அறிவு இல்லாத குடிமகனும் வாக்கெண்ணிக்கையைச் சரிபார்க்க இயல வேண்டும்.

நம் நாட்டிலோ ஒப்புகைச் சீட்டு கண்ணாடிக்குப் பின்னே ஏழு நொடி தோன்றி, பெட்டிக்குள் விழுகிறது. அச்சீட்டு இன்றியமையாதது என்று 2013-இல் கூறிய உச்ச நீதிமன்றம், 2019-இல் சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து சாவடிகளின் சீட்டுகளை எண்ணினால் போதும் என்றது. அனைத்தையும் எண்ணக் கோரிய மனுக்களை 2024 ஏப்ரல் 26 அன்று தள்ளியது. இரண்டாம், மூன்றாம் இடம் பெற்ற வேட்பாளர் மட்டும், செலவுத் தொகை கட்டி, இயந்திரங்களில் ஐந்து விழுக்காட்டைச் சோதிக்கக் கேட்கலாம் என்று வழி விட்டது. வாக்களித்தவருக்கு அவ்வழியும் இல்லை.

எல்லாச் சீட்டையும் எண்ணினால் முடிவு தாமதமாகும் என்பர். 2024 ஏப்ரல் 19 அன்று வாக்களித்த தமிழகம், ஜூன் 4 வரை 46 நாள் காத்திருந்தது. இன்னும் சில நாள் காத்திருக்க மாட்டோமா? எண்ணிய சீட்டுகளில் கணக்குப் பொருந்திற்றே என்பர். மகிழ்கிறோம். பொருந்தும் கணக்கை முழுதும் காட்டுவதில் இழப்பு என்ன? எல்லாத் தொகுதியிலும் இயலாதெனில், வெற்றி வேறுபாடு சிறிதாயுள்ள தொகுதிகளிலேனும் ஒவ்வொரு சீட்டும் எண்ணப்படட்டும்.

தோற்றவரும் ஒப்புக்கொள்ளும் முடிவே முடிவு. பொறியாளர் தரும் உறுதிமொழி நமக்கு வேண்டியதே. ஆனால் உப்பளத்துத் தொழிலாளி தாமே பார்த்துத் தலையசைக்கும் கணக்குக்கு அது ஈடாகாது.