சுவரா? சுனையா?

செஞ்சிக் கோட்டை என்றதும் தேசிங்கு ராஜனும் அவன் குதிரையுமே நம் நினைவுக்கு வருகின்றனர். மூன்று மலைகளை வளைத்து எழுந்த மதில்களைக் கண்டு வியக்கிறோம். கோட்டையைக் காத்தது சுவர் மட்டும்தானா?

1690 முதல் 1698 வரை முகலாயத் தளபதி சுல்பிகார்கானின் படை விட்டுவிட்டுச் செஞ்சியை முற்றுகையிட்டது. மராட்டியர் தாக்குப் பிடித்தனர். மதில் பகைவனைத் தடுக்கும். பசியையும் தாகத்தையும் தடுக்குமா? அவற்றைத் தடுத்தவை நெற்களஞ்சியங்களும் மலைச்சுனைகளும் குளங்களுமே! கல்யாண மகாலின் மேல்மாடிக்கும் மண்குழாய் வழியே குளத்து நீர் ஏறியதாம். நீர் தன் மட்டத்தைத் தேடும் என்று நாம் தேர்வுக்குப் படிக்கிறோம். பெயர் தெரியாத கொத்தனார் கட்டியே காட்டிவிட்டார்!

2025இல் மராட்டியரின் மற்ற 11 கோட்டைகளோடு செஞ்சியையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. பெருமைதான்! ஆனால் அரசர் பெயர்களை மனனம் செய்து, மதிலில் நம் பெயரைக் கீறிவிட்டுத் திரும்புவதா கல்விச் சுற்றுலா? அடுத்த முறை செல்வோர் அந்த நீர்வழியைத் தேடிப் பாருங்கள். திரும்பி வந்து எங்கள் காக்களூர் ஏரிக்கரையில் ஒரு நிமிடம் நில்லுங்கள். எங்களுக்குக் கோட்டை இல்லை, ஏரி இருக்கிறது. மதில் இடிந்த கதையைப் படிக்கும் நாம், ஏரி தூர்ந்த கதையைப் பின்வருவோர் படிக்க விடலாமா?