தைக்கும் கைக்குச் சொல்லும் வேண்டும்

கடலூர், சிதம்பரம் வட்டாரங்களில் தறியையும் கழனியையும் நம்பி வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர், ஆயத்த ஆடைத் தொழிலை நாடி மேற்கு மாவட்டங்களுக்குச் செல்கின்றனர். கூலி எவ்வளவு என்று கேட்கும் பெற்றோர், அங்கே தொழிலாளியின் சொல்லுக்கு மதிப்புண்டா என்று கேட்பதில்லை. கேட்க வேண்டிய முதற் கேள்வி அதுவே என்பது நமது கருத்து.

காரணம் கூறுவோம். வங்கதேசத்தில் டாக்காவுக்கு அருகே, ஆடைத் தொழிற்சாலைகள் பல இயங்கிய ராணா பிளாசா என்னும் கட்டடம் 2013 ஏப்ரல் 24 அன்று இடிந்து வீழ்ந்தது; 1,134 பேர் மாண்டனர். முதல் நாளே சுவர்கள் வெடித்திருந்தன. உள்ளே செல்லத் தயங்கியவர்களைக் கூலி கிடையாதென்று அச்சுறுத்தி அனுப்பினர். அபாயத்தைக் கண்டவர் தொழிலாளர். முடிவு செய்தவர் வேறொருவர்.

அயல்நாட்டுச் செய்தியென்று இதனை ஒதுக்குவதற்கில்லை. தமிழகத்து நூலாலைகள் பலவற்றில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் இளம்பெண்களைச் சேர்த்தனர். மூன்றாண்டு உழைத்தால் திருமணச் செலவுக்கு மொத்தத் தொகை. இடையில் விலகினால் அது கைக்கு வாராது. பதினெட்டாம் நூற்றாண்டில் நமது தேவனாம்பட்டினக் கோட்டையிலிருந்த கும்பினியார் முன்பணம் கொடுத்து நெசவாளரைக் கட்டினர். இங்கோ கொடாமல் நிறுத்திய பணமே கட்டாயிற்று. கட்டுண்டவர் வாய் திறப்பது எங்ஙனம்?

வாய் திறக்க வழி செய்தால் விளையும் நன்மைக்கும் சான்றுண்டு. 2021 சனவரியில் திண்டுக்கல் மாவட்டத் தையலாலை ஒன்றின் பெண் தொழிலாளி ஒருவர் கொலையுண்டார்; மேற்பார்வையாளர் ஒருவர் மீது வழக்குத் தொடரப்பட்டது. அதன்பின், பெண்களே தலைமை தாங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேன் நிறுவனத்துடன் உடன்படிக்கை செய்தது. ஆடைகளை வாங்கும் எச் அண்டு எம் முதலிய அயல்நாட்டு நிறுவனங்களும் தனித்தனியே ஒப்பமிட்டுக் கட்டுப்பட்டன. தொழிலாளரிடையே பயிற்சி பெற்ற கண்காணிப்பாளர் அமைந்தனர். முதலாண்டில் எழுந்த 185 குறைகளில் 182 தீர்க்கப்பட்டதாக அறிக்கை வெளியாயிற்று. குறை கூறுவோரைப் பழிவாங்கலாகாது என்ற உறுதியே இதன் அடித்தளம்.

உறுப்பினர்க்கு ஒரு வாக்கு என்னும் நெறியில் வளர்ந்த கூட்டுறவாளராகிய நமக்கு இது புதிதன்று. ஆதலின் நம் சங்கங்கள் ஒரு கடமையை மேற்கொள்ளுதல் நன்று. ஊரை விட்டு வேலைக்குச் செல்லும் ஒவ்வொருவர்க்கும், பணி நியமனக் கடிதம் உண்டா, சம்பளம் மாதந்தோறும் கைக்கு வருமா, விடுதியிலிருந்து தடையின்றி வெளியே செல்லலாமா, சங்கத்தில் சேரலாமா என்று விசாரித்துச் சொல்லுவோம். பத்துப் பேருக்குக் குறையாத பணியிடங்களில், பெண்களுக்கு நேரும் பாலியல் துன்பங்களை விசாரிக்க உட்குழு அமைத்தாக வேண்டுமென்று 2013ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது. அதனையும் எடுத்துரைப்போம்.

கூலி உயர்வு வேண்டுவதே. ஆயினும் பேசும் உரிமையற்றவன் பெற்ற உயர்வு, பிறர் விரும்பும் வரையில்தான் நிலைக்கும்.