ஐஸ் பெட்டியில் தூங்கும் எமன்! கோழிக்கறி வாங்குவோர் உஷார்!

வேலூர்—

"ஐஸ்ல வெச்ச கறிங்க, ஒண்ணும் ஆகாது!"

கடைக்காரர் இப்படிச் சொன்னதும் நம்மவர்கள் பையை நீட்டி விடுகிறார்கள். ஐஸில் வைத்தால் கிருமி செத்துவிடுமா?

சாகாது! மைனஸ் 18 டிகிரி குளிரிலும் சால்மோனெல்லா கிருமி தூங்கத்தான் செய்கிறது. கறி இளகியதும் விழித்துக் கொள்ளும். தோதான சூடு கிடைத்தால் 20 நிமிடத்துக்கு ஒரு தடவை இரண்டாகப் பெருகும். ஒரு கிருமி மூன்று மணி நேரத்தில் 512! வேலூர் வெயிலோ 40 டிகிரியைத் தாண்டுகிறது. கேட்க வேண்டுமா?

பக்கத்து ஊரில் பலி

2021 செப்டம்பரில் ஆரணி ஓட்டலில் அசைவம் சாப்பிட்ட 10 வயதுச் சிறுமி இறந்தாள். பலர் வாந்தி—பேதியோடு ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். 2022 மே மாதம் கேரளாவில், காசர்கோடு அருகே செருவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட மாணவி பலி. அந்தக் கடைக் கோழிக்கறியில் ஷிகெல்லா, சால்மோனெல்லா இரண்டும் இருந்தது சோதனையில் தெரிந்தது. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் 14 வயது மாணவி. அங்கேயும் ஷவர்மாதான்!

ஒவ்வொரு தடவையும் கடைக்குச் சீல், ஊரெல்லாம் திடீர் சோதனை. அப்புறம்? பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

பிரியாணியா குற்றவாளி?

ஆம்பூர் பிரியாணி மேல் பழி போட வேண்டாம். உள்ளே வரை 75 டிகிரி சூட்டில் வெந்தால் சால்மோனெல்லா காலி. ஆபத்து பக்கத்தில் வைக்கிற வெங்காயப் பச்சடியில் இருக்கலாம்! பச்சைக் கறி வெட்டிய அதே பலகை, அதே கத்தியில் வெங்காயம் நறுக்கினால் கிருமி நேரே தட்டுக்கு வந்துவிடும். வீட்டில் கறியைக் குழாயடியில் அலசுவதும் இதே வேலையைத்தான் செய்கிறது. தெறிக்கிற தண்ணீரில் பக்கத்துப் பாத்திரமெல்லாம் கிருமி.

கெட்ட கறியைக் கொதிக்க வைத்துச் சரிக்கட்டலாம் என்பதும் தப்பு. சில கிருமிகள் கக்கிய விஷம் கொதித்தாலும் போகாது.

நம்ம பக்கம் உயிர்க்கோழியைக் கண்ணெதிரே வெட்டி வாங்குவதுதான் வழக்கம். அது நல்லதுதான். ஆனால் மிஞ்சுகிற கறி? இரவில் ஐஸ் பெட்டிக்குப் போய், காலையில் மேஜைக்கு வந்து, மறுபடி பெட்டிக்குப் போனால்? நடுவில் கரண்டு வேறு போய்விட்டால்? இளகி இறுகிய கறிதான் எமன். பாக்கெட்டுக்குள் சிவப்புத் தண்ணீர் உறைந்து கட்டியாக நின்றால் வாங்காதீர்கள்.

சட்டம் இருக்கிறது!

2006 உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, கெட்ட உணவால் உயிர் போனால் விற்றவருக்கு 7 வருடம் முதல் ஆயுள் வரை சிறை. 10 லட்சத்துக்குக் குறையாத அபராதம். நல்ல சட்டம்தான். ஆனால் இத்தனை கடுமையும் பிணம் விழுந்த பிறகு! அதற்கு முன்னால் தெர்மாமீட்டரோடு ஓர் ஆள் கடைக்குள் நுழைய வேண்டாமா?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஷூ கம்பெனிகளில் பெண்கள்தான் அதிகம். நாளெல்லாம் உழைத்துவிட்டு, வீடு திரும்புகிற வழியில் அரைக் கிலோ கறி வாங்குகிறவர்கள். காலையில் வெட்டிய கறி அவர்கள் கைக்கு வரும்போது எத்தனை மணி நேரம் வெளியே கிடந்தது என்று யாருக்குத் தெரியும்?

அதிகாரிகளே, காலை பத்து மணிச் சோதனை போதும். ஷிப்டு விட்ட பிறகு ஒரு நாள் மார்க்கெட் பக்கம் வந்து பாருங்கள்!