குறிஞ்சியும் உலர்தாவரத் தாளும்

குறிஞ்சி என்றதும் தமிழ் மாணவர் திணையை நினைப்பர்; தாவரவியல் மாணவர் ஸ்ட்ரோபிலாந்தஸ் எனும் சாதியை நினைப்பர். நீலகிரியின் நீலக்குறிஞ்சி அச்சாதியினது. இலங்கை மலைநாட்டிலே சிங்கள மக்கள் 'நெலு' என வழங்கும் செடிகளும் அதனைச் சேர்ந்தவையே. ஏறத்தாழ 30 இனங்கள் இங்குள. அவற்றுட் பல நெடுங்காலம் பூவாது வளர்ந்து, ஒருங்கே பூத்து, வித்திட்டு மடிவன.

இவ்வியல்பே உலர்த்தி ஒட்டப்பட்ட தாவரத் தாளின் பெறுமதியைப் புலப்படுத்துகின்றது. பூவின்றி இவ்வினங்களைப் பிரித்தறிதல் அரிது. ஆதலாற் பூத்த செடியொன்றின் தாளிலுள்ள இடமும் திகதியும், அவ்விடத்தில் அவ்வினம் பூத்த ஆண்டுக்குச் சான்றாகின்றன. மூணாற்றில் நீலக்குறிஞ்சி 2006இலும் 2018இலும் பூத்தது. ஒரு சுற்றைக் காணவே 12 ஆண்டுகள் வேண்டும். மூன்றாண்டு ஆய்வுத் திட்டம் இதனை எங்ஙனம் அளக்கும்?

பழைய தாள்கள் குடியேற்ற ஆட்சியின் எச்சங்கள் என்றும், புகைப்படம் இருக்கத் தாள் எதற்கு என்றும் கூறுவோர் உளர். முதற் கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. 1849 முதல் 1880 வரை பேராதனைப் பூங்காவுக்குப் பொறுப்பாயிருந்த துவெயிற்ஸ் வழங்கிய 'சீ. பி.' எண்கள் பெரும்பாலும் இனத்தைக் குறித்தனவேயன்றி, தனித்தனிச் சேகரிப்பைக் குறிக்கவில்லை. வெவ்வேறிடங்களில், வெவ்வேறாண்டுகளிற் பறித்தவை ஓரெண்ணின்கீழ் அடங்கின. ஐரோப்பாவுக்குச் சென்ற பிரதிகள் பலவற்றில் இடமும் திகதியும் இல்லை. ஆண்டுக்கணக்கே வாழ்வாகக் கொண்ட செடிக்கு இது சிறு இழப்பன்று. எனினும், குறை கண்டவிடத்து அதனைக் களைவதே அறிஞர் கடன். பேராதனைத் தாள்களோடு அப்பிரதிகளை ஒப்பிட்டு விவரங்களைத் திரட்டுதல் இந்நாட்டார் செய்யவேண்டிய பணி. அதனைச் செய்யாது அந்நியரைப் பழித்தல் சோம்பலுக்குச் சூட்டிய தேசியப் பெயராகும்.

இரண்டாவது கூற்று முற்றிலும் தவறு. கேசரத்தையும் வித்தையும் நுணுக்குக்காட்டியின் கீழ் மீளச் சோதிக்கப் படம் இடந்தராது. தாளில் எழுதிய பெயர் பிழையாயின், ஒட்டிய செடியே அதனைத் திருத்தும்.

பரீட்சைக்கென உலர்த்திய செடியைப் புள்ளி கிடைத்ததும் எறியும் மாணவரும், அதனைப் பொருட்படுத்தாத ஆசிரியரும், மேடையிற் குறிஞ்சியின் புகழ் பாடுவோரும் ஒன்றை உணர்தல் வேண்டும். இடமும் திகதியும் எழுதப்படாது கழிந்த பூப்பை எப்பணத்தாலும் மீட்டல் இயலாது. நெலு மீண்டும் பூக்கும். அன்று தாளும் எழுதுகோலுமாக மலையேறுவோர் யாவர் என்பதே வினா.